அம்மா வழியாக மட்டும்

ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு கெட்டர், செட்டர் சொல்லித்தருவது என் பொறுப்பு. கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓர் ஆப்ஜெக்டுக்குள் இருக்கிற தகவலில் வெளியாள் நேரடியாகக் கைவைக்கக் கூடாது; அது பிரைவேட். தெரிந்துகொள்ள கெட்டரைக் கூப்பிட வேண்டும், மாற்ற செட்டரை. "எங்க வீட்ல அப்பா பிரைவேட். கெட்டரும் செட்டரும் அம்மாதான்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

வேடிக்கைக்குச் சொன்னாலும் உண்மை அதுதான். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஷிப்டு முடிந்து வந்தால் பேப்பரும் அவரும்தான். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவேண்டுமென்றால் நான் அடுப்படியில் அம்மாவிடம் சொல்வேன். அம்மா முன்னறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவாள். அவர் குரல் எனக்கே நன்றாகக் கேட்கும். "அவளுக்கு வேற சோலி இல்லயா?" என்று அங்கே சொன்னது, அடுப்படிக்கு வருவதற்குள் "பாப்போம்னு சொல்லுதாவ" என்று ஆகியிருக்கும். நல்ல கெட்டர் உள்ளே கிடப்பதை அப்படியே எடுத்து நீட்டாது என்பதற்கு வகுப்பில் இதைத்தான் உதாரணம் சொல்வேன்.

வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகு எல்லாம் போனில் நடந்தது.

"அப்பா என்ன சொல்லுதாவ?"

"ஏளா, ஒண்ணும் சொல்லல. நல்லாதான் இருக்காவ."

வருஷக்கணக்கில் இதே பதில். மனுஷனுக்கு என் நினைப்பே கிடையாது என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

போன மாதம் அம்மா இறந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள், அம்மாவின் தங்கை என்னிடம் சொன்னாள்: "பிள்ள எப்ப வாராளாம்னு ஒங்கப்பா தெனமும் கேப்பாவ. ஒங்கிட்ட சொன்னா வேலய விட்டுட்டு ஓடியாந்துருவேன்னு அக்காதான் சொல்லாம வச்சிருந்தா."

அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. செத்தவளிடம் சண்டை போடவா முடியும்? அதைவிட என்மேல்தான் ஆத்திரம். முன்னறைக்குப் பத்தடிகூட இருக்காது. நானே போய்க் கேட்டிருந்தால், பிரைவேட்டில் கைவைத்தாய் என்று எந்தக் கம்பைலரும் எரர் காட்டியிருக்காது. அவ்வளவு பக்கத்தில் இருந்த மனிதரை ஆள்விட்டு விசாரித்தே பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன்.

அப்போதும் முகம் பார்த்துக் கேட்கத் தைரியம் வராமல் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். வந்த முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்கு போன் செய்தேன். 'நான் வரட்டுமா?' என்று அவரிடமே கேட்கவேண்டும். அப்பாதான் எடுத்தார்.

"நாந்தாம்ப்பா" என்றேன்.

"ஏளா!" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "இரு, அம்மாட்ட குடுக்கேன்."