நடுங்கும் கைக்கு ஒரு கோப்பை

எண்பதுகளின் நடுவில், லண்டனில் கென்சிங்டன் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் பீங்கான் துடைப்பது என் வேலை. எல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சாமான். பொன் விளிம்புத் தட்டுகள், ரோசாப்பூ வரைந்த சூப் கிண்ணங்கள். முதலாளி ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: கை நடுங்குகிறவர் சாமானைத் தொடக்கூடாது.

எனக்கோ கை நடுங்கியது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டை நம்பிக் கொழும்பிலிருந்து புறப்பட்ட என் கணவர் எந்த நாட்டில் நிற்கிறார் என்று மாதக்கணக்காகத் தகவல் இல்லை. போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் வாசலுக்குப் போகத் தோன்றும். முதலாளி ஒருநாள் என் விரல்களைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். "குளிர்" என்றேன். மார்கழி கைகொடுத்தது. கோடை வந்தால் என்ன சொல்வது என்று அன்றைக்கே கவலைப்படத் தொடங்கிவிட்டேன். அந்த வேலை போனால் அறை வாடகைக்கு வழியில்லை.

அங்கே ஒரு நீலக் கோப்பை இருந்தது. அதன் சோசரின் நடுவில் ஆழமான குழி. கோப்பை பாதிவரை அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கட்டிலில் சாய்ந்தபடி சொக்கலேட் குடிக்கும் சீமாட்டிகளுக்காகச் செய்தது, கை நடுங்கினாலும் கவிழாது என்று முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிலில் படுத்துக் குடிக்கிறவளுக்கு என்னடி நடுக்கம்?

ஆடி மாதம். வெயில் எரித்த ஒரு பகல், அந்தக் கோப்பையைச் சோசரோடு ஏந்தியிருந்தபோது கடைப் போன் அடித்தது. முதலாளி எடுத்து, உனக்குத்தான் என்று நீட்டினார். ஈஸ்ட் ஹாமில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த அக்கா பேசினார்.

"தங்கச்சி, உம்மடை மனுசன் ஹீத்ரோவிலை வந்து இறங்கிட்டார். இமிக்ரேசன்காரர் வெளியிலை விட்டிட்டினம். எங்கடை அவர் கூட்டிக்கொண்டு வாறார்."

கோப்பை கடகடவென்று அடித்துக்கொண்டது. விழவில்லை. முதலாளி பாய்ந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கினார். அந்த வெயிலில் குளிர் என்று எப்படிச் சொல்வது? "என் கணவர் வந்துவிட்டார்" என்றேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போ. நாளைக்கு வந்து துடை."

வீட்டில் என் கணவருக்கு ஒரு மக்கில் தேநீர் கொடுத்தேன். பாதி மேசையில் சிந்தியது. அவர் கை அப்படி ஆடியது. என்னுடையதெல்லாம் ஒரு நடுக்கமா?

"என்ன பாக்கிறீர்? குளிருக்குத்தான்" என்றார்.

ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. அக்கா பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஓம், இஞ்சை சரியான குளிர்" என்று சொல்லி, என் இரண்டு கைகளையும் குழித்து அந்த மக்குக்கு அடியில் பிடித்தேன்.