கோட்டின் மேல் ஐந்து

காஜா பெராங் குடியிருப்பில் மருதமுத்து வீட்டுக் கொடியில் ஒரு நீலச் சேலை பதினெட்டு நாளாகக் கிடந்தது. அவன் மனைவி சந்திரமதி ஆசுபத்திரியில் படுத்த அன்று காலையில் உலர்த்தியது. மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, அவன் எடுக்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகன் அவன். ஆசுபத்திரிச் சோதனைக்கூடத்துக்குக் குப்பி கழுவ வந்தவன், பத்தே ஆண்டில் இரத்த அணுக்களை எண்ணும் ஆளாகிவிட்டான். இரத்தத்தை மருந்துநீரில் கலந்தால் சிவப்பணுக்கள் கரைந்து வெள்ளணுக்கள் மிஞ்சும். அதைக் கட்டம் கீறிய கண்ணாடித் தகட்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் நான்கு மூலைக் கட்டங்களை எண்ண வேண்டும். கோட்டின் மேல் கிடப்பவற்றுக்கு ஒரு சட்டம் உண்டு: மேல்கோடும் இடக்கோடும் கணக்கில் சேரும், கீழ்க்கோடும் வலக்கோடும் சேராது.

சந்திரமதிக்கு வெள்ளணுக்கள் குறைந்துபோயிருந்தன. சின்னக் காய்ச்சலும் ஆளைச் சாய்த்துவிடும். நான்கு கட்டங்களிலும் சேர்த்து எண்பது தேறினால் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். சுதந்திர நாளுக்கு இன்னும் மூன்றே நாள். அன்றைக்குப் பண்டார் ஹிலிர் வீதிகளில் ஏற்றும் விளக்குகளைப் பார்க்க அவளுக்கு ஆசை. அவனுக்கோ, அவள் அடுப்படியில் நின்று வாயாடினால் போதும்.

"ஷரீஃபுதீன்! எண்பத்திரண்டு லா!" அவள் இரத்தத்தை எண்ணி முடித்த மருதமுத்து கூவினான்.

பக்கத்து மேசைக்காரன் ஷரீஃபுதீன் வந்து குனிந்து பார்த்தான். நிமிர்ந்தவன் மறுபடி குனிந்தான்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"மச்சான், வலப்பக்கக் கோட்டுல குந்தியிருக்கிற அஞ்சையும் சேர்த்துட்டே. வேற யாரு ரத்தமா இருந்தா சேர்த்திருப்பியா?"

மருதமுத்து மறுபடி எண்ணினான். எழுபத்தேழு. பென்சிலால் எழுதியிருந்ததை அழிக்க வெகுநேரம் பிடித்தது.

மாலையில் அவள் கட்டிலருகே போய் நின்றான்.

"எத்தனை?"

"மூணு குறையுது."

"மூணுதானே? கையிலேருந்து போட்டுக் குடுத்தா என்னவாம்?"

"போட்டுத்தான் பார்த்தேன். ஷரீஃபுதீன் பிடிச்சிட்டான்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கொடிச் சேலைய எடுத்து மடிச்சீங்களா?"

"இல்ல."

"சாயம் போயிடுமுங்க."

"போகட்டும். நீ வந்து எடு."

பார்வை நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். வீடு வந்து சேர்ந்தபோது தூறல். சேலையின் ஒரு நுனி சரிந்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை உதறி, கொடியிலேயே நேராகப் போட்டுவிட்டு உள்ளே போனான்.