சிரட்டையில் போட்ட உண்ணிகள்

கலவானைப் பக்கத்துத் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவள் இருளாயி. விளக்கேற்றும் வீட்டில் ரத்தம் சிந்தக் கூடாது என்பாள், அது உண்ணி குடித்த ரத்தமானாலும் சரி. அதனால் தன் நாய் சூட்டியின் காதில் பிடுங்கும் உண்ணிகளை நசுக்காமல், தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, கான் என்கிற வடிகாலுக்கு அப்பால் காட்டில் கொட்டிவிடுவாள். இருபது வருஷமாக அதைப் புண்ணியம் என்றே நினைத்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

போன மாதம் நாய்களுக்கு ஊசி போட வந்த டொக்டர் பஹ்மா, சூட்டியிடமிருந்தும் கானோரம் அன்றுதான் செத்துக்கிடந்த ஒரு நரியிடமிருந்தும் ரத்தம் எடுத்துப்போனார். இன்று மருந்தோடு வந்தார்.

"ரெண்டு ரத்தத்திலயும் ஒரே கிருமிதான். நரி அதுலதான் செத்திருக்கு. உண்ணிதான் பரப்புது. ரத்தம் குடிச்ச ஒரு உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும்."

சூட்டியின் காதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணுமே இல்லையே. நல்லாப் பாத்துக்கிறீங்க. பிடுங்கினத நெருப்புலதானே போடுறீங்க?"

சுற்றி நின்ற பெண்கள் இருளாயியைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க மிஸ்."

காலையில் காட்டில் கொட்டிவிட்டு வந்த சிரட்டை வாசலிலேயே கிடந்தது. அதைக் காலால் மெல்லக் கவிழ்த்தாள்.