எந்த அலமாரி முதலில்

எங்கள் பத்திரப் பதிவு ஆபீஸ் ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றுக்கு அருகில் இருந்தது. அங்கே நான் நகல் எழுதும் குமாஸ்தா. பதிவாகிற ஒவ்வொரு பத்திரத்தையும் பெரிய புத்தகத்தில் கையால் எழுதி வைப்போம். அந்தப் புத்தகங்கள் இருந்த அறையின் தரை தெருவைவிட ஒரு முழம் தாழ்வு. மழைக்காலம் வந்தாலே தினமும் ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் துணிந்து அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறினால் எந்த அலமாரியை முதலில் காலி செய்வது, எதிரே இருந்த தோல் கிடங்கின் மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று வரிசையாக எழுதியிருந்தேன். கிடங்குக்கார சாயபு சம்மதித்திருந்தார். அலமாரிச் சாவி ஒன்று ஆபீஸிலேயே இருக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தேன். அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். இந்த ஆற்றில் மணல்தான் ஓடுகிறது என்றார்.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை, மேற்கே ஏரி உடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். அதிகாரி வேலூர் போயிருந்தார், சாவியோடு. ஆபீஸில் நானும் சேவகரும்தான். தண்ணீர் வாசற்படி தாண்டியதும் கடப்பாரையால் பூட்டை உடைத்தோம்.

ஆளுக்கு நாலு புத்தகமாகத் தலையில் ஏற்றி, முழங்கால் தண்ணீரில் தெருவைக் கடந்தோம். மூன்றாவது நடையில் சேவகர் நின்றுவிட்டார். அவர் குடிசை ஆற்றோரம்.

“ஐயா, ஊட்ல அவ ஒண்டியா கீறா. போய்ட்டு வந்துர்றேன்.”

“இந்த ஒரு அலமாரி மட்டும் முடிச்சுட்டுப் போய்டு,” என்றேன்.

நான் சொன்னதால்தான் அவர் போகவில்லை. அலமாரி காலியானபோது தண்ணீர் இடுப்புக்கு மேல். ஆற்றோரத் தெருவுக்கு வழியே இல்லை. இறங்கப்போனவரைக் கிடங்கு ஆட்கள் பிடித்து மாடிக்கு இழுத்தார்கள். அங்கிருந்து ஆற்றுப் பக்கம் பார்த்துக் கத்திக் கத்தி அவருக்குக் குரல் போய்விட்டது. சொட்டச் சொட்ட இருந்த புத்தகங்களுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மதியம் வெள்ளம் வடிந்தது. அவர் மனைவி உயிரோடு இருந்தாள். குடிசை போய்விட்டது. வேப்பமரத்தில் ஏறி, புடவைத் தலைப்பால் கிளையோடு தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். இறக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. புருஷனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“பொஸ்தகத்தயா தூக்கினு இருந்த?”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து அவள் தோளில் போர்த்தினார். நான் கிடங்குக்குத் திரும்பி நடந்தேன்.

ஆபீஸில் விட்ட புத்தகங்களெல்லாம் சேற்றுக் கட்டியாகிவிட்டன. கொண்டுவந்தவையும் மழையில் ஊறியிருந்தன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, சாயபு தோல் காயப்போடும் கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் நாற்றம் தாளில் ஏறியது. மை கரைந்த இடங்களில் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. தங்கள் நிலத்துப் பத்திரம் தப்பியதா என்று கேட்டு ஜனங்கள் கொட்டகை வாசலில் நின்றார்கள். பலருக்கு மூலப் பத்திரமும் வெள்ளத்தோடு போயிருந்தது. இல்லை, இல்லை என்று சொல்லியே என் வாய் உலர்ந்தது.

நாலு நாள் கழித்துச் சேவகர் வந்தார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஈரத் தாள்களைப் பிரித்தார்.

அடுத்த வருஷம் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று மேலிடத்திலிருந்தே திட்டம் கேட்டு உத்தரவு வந்தது. ஆற்றோரம் குடியிருக்கும் சிப்பந்திகளை முதலில் வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று முதல் வரியில் எழுதினேன். சேவகருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். “சரிங்க ஐயா” என்றார். தபாலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.