அம்மா என்னைக் கொடுத்த பொருத்தனை

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போய், பீடத்தின் முன் முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். எங்கள் பெஞ்சின் முறை வரும்போது அம்மா மட்டும் எழ மாட்டாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டு மற்றவர்கள் தாண்டிப் போக வழி விடுவாள். கேட்டால் முட்டி வலி என்பாள். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேச அரை மணி நேரம் நிற்கிற முட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன வந்தது என்று கிண்டல் செய்திருக்கிறேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

போன வருடம் புதிதாக ஒரு போதகர் வந்தார். நல்ல மனுஷன். நடக்க முடியாதவர்களைக் கவனித்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் அவரே பெஞ்சுக்குக் கொண்டுவந்தார். நான் பீடத்திலிருந்து திரும்பி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். அம்மா தலையை ஆட்டினாள். அவர் புரியாமல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

"முட்டி வலின்னா வாயை எதுக்கு மூடின? வாய்க்கும் முட்டி இருக்கா?"

அம்மா கறியைக் கழுவப் போனாள். நான் விடவில்லை. கோபம் வந்தால் நான் அப்படித்தான், பின்னாலேயே போவேன். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"குடுக்கறேன்னு சொன்னதைக் குடுக்காம, வெறுங்கையை நீட்டி வாங்கச் சொல்றியா?"

கொடுக்கிறேன் என்று அவள் சொன்னது என்னைத்தான்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. நான் வயிற்றில் இருந்தபோது, அப்போது அவர்கள் குடியிருந்த கோலார் தங்கவயலின் காலனிக் கோயிலில் முழங்காலிட்டு, இந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தால் ஆண்டவருடைய ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சபைக்கு முன்னாலும் சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன? கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும், "என்னம்மா, எப்போ செமினரிக்குப் போகப் போற?" என்றுதான் என்னைக் கேட்பார்கள். போதகர் ஆகப் படிக்கிற இடம் அது. நான் போகவில்லை. பிரசங்கம் எனக்கு வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டயாலிசிஸ் டெக்னீஷியனுக்குப் படித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு இந்த முட்டி வலி வந்திருக்கிறது. எனக்கு உறைக்கவே இல்லை.

"என்னைக் கேக்காமலே குடுத்தது நீ. நான் போகலன்னு உன்னை நீயே பட்டினி போட்டுக்கறதா? இது எந்த ஊரு நியாயம்?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆண்டவரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவளாகவே கண்ணை மூடிவிடுவோமோ என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். அதுவும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

போதகரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆண்டவர் உங்க மனசைத்தாம்மா பார்ப்பாரு. அந்தப் பழசையெல்லாம் விட்டுடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் படி இறங்கியதும் அம்மா என்னைப் பார்த்து, "நான் கேட்டப்போ ஆண்டவர் விட்டுட்டாரா? உன்னைக் குடுத்தாரே. என் பங்கை மட்டும் நான் விட்டுடணுமா?" என்றாள். அவள் கேட்டதும் சரியாகத்தான் இருந்தது.

அதனால்தான், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அம்மாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்குத் துபாயில் வேலை கிடைத்தது. நான் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் வருடக்கணக்காக வருவார்கள். கையில் ஊசியோடு மிஷின் பக்கத்தில் மணிக்கணக்காகப் படுத்திருப்பார்கள். சந்தாபுராவிலிருந்து பஸ் மாறி வரும் ஒரு அம்மாவிடம், துபாய்க்குப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். "சரி கண்ணு, எங்க இருந்தாலும் நல்லா இரு" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினேன். தரிசனம் தரிசனம் என்று சபையில் சொல்வார்களே, அப்படி எந்த வெளிச்சமும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. ஆனால் எழுந்தபோது தெளிவாகத் தெரிந்தது. இந்த வார்டுதான், இந்த மனுஷர்கள்தான், இதற்காகத்தான் ஆண்டவர் என்னை உயிரோடு பிறக்க வைத்தார். அதற்குப் பிறகு வேலை சலித்துப்போன நாள் உண்டு, சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வந்த நாள் உண்டு. ஏன் இங்கே இருக்கிறேன் என்று குழம்பிய நாள் இல்லை. எங்களிடம் வருகிறவர்களில் குணமாகிப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. அந்தத் தெளிவு இல்லாமல் என்னால் அங்கே ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்க முடியாது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அப்போ உன்னைக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரும்மா. நீ சொன்ன இடத்துக்கு இல்ல."

"இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அடுத்த ஞாயிறே சபையில எழுந்து சாட்சி சொல்லிடுவ. அப்புறம் கோயில்ல இருக்கற அத்தனை பேரும் சுகர் ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு என் பின்னாடி வருவாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பிரசங்க மேடைதான்னு நினைச்சுட்டேன்டி" என்றாள். திருவிருந்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த திருவிருந்து ஞாயிறு எங்கள் பெஞ்சின் முறை வந்தது. அம்மா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருடத்தில் முழங்காலிடும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒரு கையை நீட்டினாள். போதகர் அப்பத்தை வைத்ததும் சட்டென்று மூடிக்கொண்டாள். எனக்குக் கண் மறைத்தது, என் பங்கை வாங்கியதுகூடச் சரியாக ஞாபகமில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"உனக்கு ஊழியம் கிடைக்கணும்னு இத்தனை வருஷமா ஜெபம் பண்ணேன். உன் ஊழியத்துக்காக ஒரு நாளும் பண்ணல."

நான் குழாயை மூடினேன்.

"நாளைக்குக் காலையில யார் யாரு வர்றாங்க? பேரைச் சொல்லு. பேர் தெரியாம நான் அவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

ஒவ்வொரு பேராகச் சொன்னேன். அம்மாவும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு முஸ்லிம் பெரியவரின் பேர் மட்டும் அவள் வாயில் நுழையவில்லை. மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று என்னைப் படுத்தி எடுத்து, சரியாக வரும்வரை அவள் விடவில்லை.