சார்ஜ் இல்லாத போன்

இசைக்கென்றே செய்யப்பட்டதாம் இந்தக் கைபேசி. இணைய இதழ் நடத்தும் தோழி, மதிப்புரை எழுதச் சொல்லி என்னிடம் தள்ளிவிட்டாள். "கவிதைலயே குறை கண்டுபிடிக்கிறவ, போன்ல கண்டுபிடிக்க மாட்டியா?" என்றாள். பெட்டியைத் திறந்ததும் எழுந்த புதுப் பொருளின் வாசனையில், மதிப்புரைக்குச் சற்றும் தேவையில்லாத ஒரு ரயில் நினைவுக்கு வந்தது.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் வரும் காலை ரயில். அப்பா தொழிற்சாலைக்கும் நான் காக்ஸ் டவுன் பள்ளிக்கும் அதில்தான் வருவோம். அப்பாவுடன் வேலை செய்த தேவராஜ் மாமா, பங்காருப்பேட்டை தாண்டியதும் டிபன் பாக்ஸில் தாளம் தட்டிப் பாடத் தொடங்குவார். உச்சத்தில் அவர் குரல் கிழியும். அந்த இடத்தில் ரயில் பெட்டியே சேர்ந்து பாடி அதை மறைத்துவிடும். பள்ளியில் வாயே திறக்காத நானும் அதில் சேர்த்தி.

ஒருநாள் அப்பா, பாட்டுக்கெனத் தனிப் பொத்தான்கள் வைத்த கைபேசியோடு ஏறினார். மதிப்புரைகள் உடனே வந்தன.

"சவுண்டு சோக்கா கீதுபா."

"பேஸ் பத்தல."

அதன் பிறகு தினமும் அதுதான் பாடியது. மாமாவின் டிபன் பாக்ஸ் பையைவிட்டு வெளியே வரவில்லை. அவர் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டார். அப்பா ஒலியைக் குறைத்துக் குறைத்து வைத்தார். மற்றவர்கள் கூட்டச் சொன்னார்கள்.

ஒரு திங்கட்கிழமை, "பாட்டு போடுபா" என்றவர்களிடம், "சார்ஜ் இல்ல. தேவராஜு, நீ பாடேன்" என்றார் அப்பா. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் அவர் அதைச் சார்ஜரிலிருந்து கழற்றியிருந்தார். நான் பார்த்திருந்தேன்.

மாமா தயங்கித் தயங்கித் தொடங்கினார். பல்லவி முடிவதற்குள் அப்பாவின் சட்டைப்பையில் போன் அலறியது. அம்மா.

தாளம் நின்றது. அப்பா தலை நிமிரவில்லை. மாமா அவர் பக்கம் திரும்பினார்.

"எடுத்துப் பேசுபா. சார்ஜ் இல்லாத போனுக்கே அண்ணி கால் பண்றாங்க, இன்னா அவசரமோ."

பெட்டி சிரித்தது. அப்பா போனை எடுத்து, "அப்பறம் பேசறேன், தேவராஜு பாடறான்" என்றார். மாமா விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். குரல் கிழிந்த இடத்தில் அன்று முதலில் சேர்ந்தவர் அப்பா.

நேற்று அதே ரயிலில் புதிய கைபேசியைச் சோதித்தேன். மாமா ஓசூர்ப் பக்கம் போய் வெகுகாலமாகிறது. பங்காருப்பேட்டை தாண்டியதும் இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன். எல்லோர் காதுகளும் அடைபட்டிருந்தன. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. மீண்டும் மாட்டிக்கொண்டேன்.

உச்சத்திலும் ஒலி கிழியவில்லை என்று மதிப்புரையில் எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். யாரும் சேர்ந்து பாடி மறைக்க வேண்டிய இடம் கடைசிவரை வரவே இல்லை.