அபேனா தூக்காத தட்டம்

"யூனிவர்சிற்றி வரைக்கும் போய், கறுவலுகளின்ரை கதையே படிக்கப் போறாய்?"

டென்மார்க்கில் வளர்ந்த கறுப்பினப் பெண்களின் நினைவுகளை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது பெரியம்மா இப்படித்தான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் அன்று அபேனாவின் நினைவு வந்துவிட்டது.

கோல்டிங் நகரப் பள்ளியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள். பெற்றோர் கானா நாட்டவர். ஆசிரியை எங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுவார், நாங்கள் சிரிப்போம்.

பன்னிரண்டு வயதில் நான் பெரியபிள்ளையானதும் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்தார்கள். என்னை மேடைக்கு அழைத்துப் போகும்போது பூவும் பழமும் வைத்த தட்டங்களுடன் ஒன்பது சிறுமிகள் முன்னால் நடக்கவேண்டும். அபேனாவை நான்தான் கேட்டேன். சமையல் வகுப்புத் தட்டில் ஆப்பிள்களை அடுக்கிக்கொண்டு, பள்ளி நடைவழியில் ஒரு கிழமை நடந்து பழகினாள். ஒன்றுகூட விழவில்லை.

"அந்தக் கறுவல் பிள்ளை வேண்டாம். வீடியோவிலை வடிவாயிராது," என்றார் பெரியம்மா.

"பாவம் அக்கா, இவளோடையே திரியிற பிள்ளை," என்றார் அம்மா.

"விடக்கா, வரட்டும். பக்கத்திலை நிண்டால் எங்கடை பிள்ளை வெள்ளையாத் தெரிவாள்," என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குடும்பத்தவர்கள் மட்டும்தான் என்று மறுநாள் அபேனாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். சனிக்கிழமை, மேக்கப் போட வந்த அக்கா என் நிறத்தில் மூன்று படி குறைத்துப் பூசினார். கண்ணாடியில் கழுத்து வேறாகவும் முகம் வேறாகவும் இருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. பட்டுப் பாவாடை கட்டிய என் வகுப்பின் வெள்ளைக்கார டெனிஷ் தோழிகள் நான்கு பேர் முன்வரிசையில் தட்டம் தூக்கினார்கள்.

திங்கட்கிழமை அவர்களில் ஒருத்தியான எம்மா தன் கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். அபேனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எம்மா உங்கள் குடும்பமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் வேறு இடத்தில் போய் இருந்தாள். கோடை விடுமுறைக்குப் பிறகு அவள் குடும்பம் ஓல்போர்க்குக்குப் போய்விட்டது. பட்டுப் பாவாடை கட்டக் கிடைக்காத கோபம் என்றே நான் நினைத்திருந்தேன். அவளை அந்த மண்டபத்துக்குள் விடாத அதே வெட்கம்தான் என் முகத்தையும் மூடியது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. என் சிரிப்பும் அதில் சேர்த்தி என்பதும்.

ஆய்வுக்காக ஏழு பெண்களைச் சந்தித்துவிட்டேன். அபேனாவை ஆய்வுக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆய்வைப் பற்றி எதுவும் எழுதாமல், பார்க்க வரலாமா என்று மட்டும் போன கிழமை அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, "ஆறு மணிக்கு வேலை முடியும்" என்று பதில் வந்தது.

ஓல்போர்க் போகும் ரயில் ஓகூஸைத் தாண்டிவிட்டது.